வாசகர்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

“காரியச் செய்தி போடவும் காசு கேட்கிறார்கள்” என்று ஒரு குரல்பதிவு, எங்கள் ரசீது ஒன்றின் படத்தோடு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் சுங்கை சிப்புட் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. எங்களுக்கே அனுப்பி வைத்தார்கள்.

பெயர், வயது, பதினாறாம் நாள் காரியம் நடக்கும் வீடு, நேரம். இந்த நான்கு வரிக்கு எங்கள் இதழ் என்றைக்கும் காசு வாங்கியதில்லை. படத்தோடு கட்டம் கட்டிப் போடும் நினைவஞ்சலிக்கு மட்டும்தான் கட்டணம். அந்தப் படம் எப்படி வருகிறது தெரியுமா? கல்யாண விருந்தில் கைப்பேசியில் எடுத்ததாக இருக்கும். பெரியவர் தோளில் யாரோ ஒருவர் கை போட்டிருப்பார். அந்தக் கையை அழித்து, சட்டைக் காலரைச் சரிசெய்து முடிப்பதற்குள் எங்கள் தம்பிக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். அதற்கும் வண்ண அச்சுக்கும்தான் அந்தத் தொகை. ரசீதைப் படம் பிடித்துப் பரப்பியவர், அதில் ‘நினைவஞ்சலி’ என்று எழுதியிருப்பதையும் சேர்த்துப் படித்திருக்கலாம்.

பழைய வாசகர்களுக்கு இந்த இதழின் கதை தெரியும். துரைமார் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலம் அது. தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்க, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, கிராணியாக, அதாவது தோட்ட எழுத்தராக, இருந்த என் அப்பா சைக்ளோஸ்டைல் தாளில் செய்தி அடித்துக் கொடுத்தார். எந்தத் தோட்டம் கைமாறுகிறது என்பதுதான் முதல் பக்கம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு ஒரு கட்டு என மளிகை லோரியில் ஏற்றிவிட்டால் போதும். இப்போது லயங்கள் இடிந்து, பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து, நம் ஆட்கள் வீடமைப்புப் பகுதிகளுக்கு, தாமான் தாமானாகப் பிரிந்துவிட்டார்கள். வாசலுக்கு வாசல் மோட்டார்சைக்கிளை நிறுத்த வேண்டியிருக்கிறது. அதைச் செய்துவந்த அண்ணன் ஈப்போவுக்கு வேலைக்குப் போய்விட்டார். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. நியாயமான தொகைதான், ஆனால் இன்னொருவரை வைக்க எங்கள் கணக்கு இடம் கொடுக்கவில்லை.

1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 2019இல் நின்றபோது, “நீங்கள் எத்தனை நாளைக்கு?” என்று கேட்டுக்கொண்டே சந்தாவைப் புதுப்பித்தவர்கள் நீங்கள். 2020 கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டில் இதழ் வராத வாரங்களுக்கும் ஒருவர்கூடப் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த நன்றியை எப்படிச் சொல்வது!

அப்புறம், வாரந்தோறும் வந்த இதழ் அடுத்த மாதம் முதல் மாதம் இருமுறை வரும். சந்தா ஏறவில்லை, அதே தொகைதான். காரிய அறிவிப்பு தருபவர்கள் மட்டும் கொஞ்சம் முன்னதாகவே தந்துவிடுங்கள்.

தீபாவளி வாழ்த்து விளம்பரங்களை வழக்கம்போல் அச்சகத்திலேயே கொடுக்கலாம். பகல் ஒரு மணிக்கு மேல் வந்தால் நான் இருப்பேன்.

அன்புடன்,
நிர்வாகி