ஓட்டையைப் பெருப்பிக்காதே

விசுவமடு
மாசி, ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று நீ போனில் கேட்ட கேள்விக்கு "வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன், லைன் அறுந்துவிட்டது. திரும்ப எடுத்தபோது நீ வேலைக்குப் போய்விட்டாய். இவ்வளவையும் போனில் ஒரு விரலால் தட்ட எனக்குப் பொறுமை இல்லை. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், தங்கச்சி படம் எடுத்து அனுப்புவாள்.

போன ஆவணியில் வந்தபோது என் கடையிலிருந்து இரும்பு வெட்டும் கட்டிங் டிஸ்க் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போனாய். லண்டனில் நீ வாங்கிய, இரும்பு வெட்டுகிற கைக் கிரைண்டருக்கு அது பொருந்தவில்லை, நடு ஓட்டை சின்னன், அரத்தால் ராவிப் பெருப்பிக்கலாமா என்று கேட்டாய்.

கூடாது. நம் கடையில் ஓடுவது நாலு இஞ்சி மெசின். அதன் டிஸ்க் 100 மில்லிமீற்றர், ஓட்டை 16. நீ வாங்கியது நாலரை இஞ்சி, 115 மில்லிமீற்றர். அதற்கு ஓட்டை 22.23. ஓட்டையைச் சுற்றி ஒரு மெல்லிய தகட்டு வளையம் இருக்கும், பார்த்திருப்பாய். அதை ராவி எடுத்தால் நடு மையம் ஒரு மயிரிழையாவது விலகும், டிஸ்க்கின் நடுவிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். நாலரை இஞ்சி டிஸ்க் நிமிசத்துக்கு 11,000 தரம் சுழன்றால் அதன் விளிம்பு மணிக்கு 240 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஒரு பஸ் போனால் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் இருபது நிமிசம்கூட இல்லை. மையம் விலகிய டிஸ்க் அந்த ஓட்டத்தைத் தாங்காது.

உனக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என்னிடமிருந்துதான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது எதையும் எதிலும் பொருத்தித்தான் நாங்கள் சீவித்தோம். நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். பற்றரி கிடையாது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் உன் அக்கா படித்தாள். உடைந்த ஹக்சோ பிளேட்டின் பாதித் துண்டுக்குச் சீலை சுற்றி அதாலும் கம்பி அறுத்தேன். பொருந்தாததைப் பொருத்துகிறவனுக்குத்தான் அப்போது கைகாரன் என்று பெயர். அந்தப் பெயரில் எனக்கு இன்றும் பெருமை உண்டு, மறைக்கமாட்டேன்.

ஆனால் அந்தப் பழக்கத்தைக் கிரைண்டருக்கும் கொண்டுபோனேன். என் இடது முழங்கைக்குக் கீழே இருக்கும் தழும்பு வெல்டிங் சூடு பட்டது என்று உனக்குச் சொல்லியிருந்தேன். பொய். சண்டை முடிந்து மீளக்குடியமர்ந்து, கரண்ட் வந்து, கடை போட்ட புதிதில் பெரிய மெசினில் தேய்ந்த ஏழு இஞ்சி டிஸ்க் ஒன்று அஞ்சு இஞ்சி அளவில் மிஞ்சியது. வீச மனம் வரவில்லை. பைப் துண்டில் உள்வளையம் ஒன்று, புஷ் என்போமே, அதை அடித்து ஓட்டையைச் சின்னனாக்கி, டிஸ்க்கை மறைக்கும் காப்பு மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, நாலு இஞ்சி மெசினில் பூட்டினேன். ஏழு இஞ்சி டிஸ்க்கில் எழுதியிருக்கும் வேகம் 8,500 அளவுதான். சின்ன மெசின் அதைவிட எவ்வளவோ கூடச் சுற்றும். லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் இழுவைப் பெட்டிக்கு இரும்புப் பட்டம் வெட்டிக்கொண்டிருந்தேன். படார் என்று ஒரு சத்தம். ஒரு துண்டு கையைக் கிழித்தது, இன்னொன்று கூரைத் தகரத்தைத் துளைத்துக்கொண்டு போனது. அந்த ஓட்டையால் இப்போதும் மழைக்கு ஒழுகுகிறது, வேண்டுமென்றுதான் அடைக்காமல் விட்டிருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும்தான் இது தெரியும்.

சரி, இனி வேலைக்கு வருவோம். உன் மெசினின் அளவுக்கே டிஸ்க் வாங்கு. டிஸ்க்கில் எழுதியிருக்கும் வேகம் மெசினின் வேகத்துக்குக் குறையக்கூடாது. 115 டிஸ்க்கில் 13,300 என்று இருக்கும். அந்தத் தகட்டு வளையத்தில் மாதமும் வருசமும் அடித்திருப்பார்கள், அது முடிவு திகதி. மூன்று வருசத்துக்கு மேல் இந்த டிஸ்க்குகளை நம்பக்கூடாது, உள்ளே இருக்கும் பசை கெட்டுப்போகும். ஈரம் பட்டால் இன்னும் கெதியாகக் கெடும். இங்கே கார்த்திகை, மார்கழி மழையில் நான் டிஸ்க்கைத் தகர டப்பாவில் தட்டையாக அடுக்கி வைப்பேன். உன் கராஜும் ஈரம் என்று சொன்னாய்.

பூட்ட முன் பற்றரியைக் கழற்று. சுவிட்ச்சை நிறுத்தினால் போதும் என்று நினைக்காதே. டிஸ்க் உட்காரும் உள்தட்டைத் துடைத்து, அது வடிவாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார். டிஸ்க் அதன் மேல் தானாக விழுந்து அமர வேண்டும், ஆடவும் கூடாது, இறுக்கித் தள்ளவும் வேண்டியிருக்கக்கூடாது. மேல் நட்டுக்கு இரண்டு முகம் உண்டு. மெல்லிய கட்டிங் டிஸ்க்குக்குத் தட்டையான முகம் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். தடித்த கிரைண்டிங் டிஸ்க்குக்கு மேடான முகம் ஓட்டைக்குள் இறங்க வேண்டும். மெசினோடு வந்த புத்தகத்தில் படம் இருக்கும், அதையும் பார். பின்பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்து ஸ்பானரால் இறுக்கு, அளவாக. ஓடும்போது அது தானாகவே இன்னும் இறுகும். சுத்தியலால் தட்டுகிறவர்களை இங்கே பார்த்திருக்கிறாய், அதைப் பழகாதே. அப்புறம் கையால் ஒருக்காச் சுற்றிப் பார்த்து, பற்றரியைப் போட்டு, ஆளில்லாத பக்கம் திருப்பி ஒரு நிமிசம் சும்மா ஓடவிடு. அதிர்ந்தால் நிறுத்திக் கழற்று.

நீ வெட்டப்போவது பழைய கேற் என்றாய். பிணைச்சலை வெட்டும்போது கேற்றின் பாரம் முழுவதும் வெட்டின வாய்க்குள் இறங்கி டிஸ்க்கைக் கவ்வும். கவ்வினால் மெசின் எகிறி உன் நெஞ்சுக்கு நேரே வரும். ஆகவே முதலில் கேற்றுக்குக் கீழே கட்டை வைத்துப் பாரத்தைத் தாங்கக் கொடு. இரண்டு கையாலும் பிடி, பக்கக் கைபிடி இல்லாமல் தொடாதே. டிஸ்க் சுற்றும் கோட்டுக்கு நேரே நிற்காதே, ஒரு பக்கம் விலகி நில். அழுத்தி வெட்டாதே, மெசினின் பாரம் போதும். வெட்டி முடிந்த முனையைக் கட்டிங் டிஸ்க்கின் பக்கத்தால் தேய்க்கப் போகாதே. ஒரு மில்லிமீற்றர்த் தடிப்பு அது, பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்காது. தேய்க்க ஆறு மில்லிமீற்றர் டிஸ்க்கைப் பூட்டு. சோம்பல்படாதே.

கண்ணுக்கு மூடின கண்ணாடி போடு. வாசிக்கிற கண்ணாடி காணாது, பக்கத்தால் பொறி உள்ளே வரும். காதையும் அடை. இங்கே பெடியன்கள் சாரத்தோடும் செருப்போடும் வெட்டுகிறார்கள், சொன்னால் சிரிக்கிறார்கள். நான் அவர்களைக் கடைக்குள் விடுவதில்லை. பொறி பறக்கும் பக்கம் பெற்றோல், பெயின்ற், காய்ந்த புல் எதுவும் இருக்கக்கூடாது. வாய் மூடிய பரலை, எண்ணெய்ப் பீப்பாயை, வெட்டவே கூடாது, உள்ளே என்ன ஆவி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். என் கடையில் இன்னொரு சட்டமும் உண்டு: மண்ணுக்குள்ளிருந்து கிண்டி எடுத்த இரும்பு படலைக்கு உள்ளே வராது, சண்டைக் காலத்து வெடிக்காத குண்டாகவும் இருக்கலாம். போன கிழமையும் ஒருவர் உரப்பையோடு வந்தார். பையை அவிழ்க்க முன்னமே திருப்பி அனுப்பினேன். நல்ல மனிதர்தான், கோபித்துக்கொண்டு போனார்.

இங்கே பெரும்போக நெல் வெட்டு முடிகிறது. மெசின் பிளேட், பெட்டிக் கதவு என்று கடையில் வேலை குறைவில்லை. அம்மா உனக்குப் புழுக்கொடியல் கட்டி வைத்திருக்கிறா, ஆள் கிடைத்தால் வரும்.

என் டிஸ்க்குகளை யாருக்கும் கொடுக்காதே, இரண்டாக உடைத்து வீசு. புதிது வாங்கிய பிறகு டிஸ்க்கின் முகத்தையும் மெசினில் வேகம் எழுதியிருக்கும் தகட்டையும் படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை கேற் அப்படியே நிற்கட்டும்.

அன்புடன்,
அப்பா