முன்னுழைவுச் சீட்டுக் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரி விளையாட்டு அட்டைக் கண்காட்சி நிறுவனத்துக்கு ஒரு புகார்க் கடிதம்

அனுப்புநர்:
மூன்று நாள் முன்னுழைவுச் சீட்டு வாங்கிய வாடிக்கையாளர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.

பெறுநர்:
முகாமையாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
விளையாட்டு அட்டைக் கண்காட்சி ஏற்பாட்டு நிறுவனம்.

பொருள்: விளம்பரப்படுத்திய சேவையை வழங்காமை, பணத்தைத் திருப்பித் தர மறுத்தமை, உங்கள் அலுவலர் ஒருவரின் மரியாதையற்ற பேச்சு ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். மின்னஞ்சல், தொலைபேசி, இணையத்தளத்தின் மூலையில் எட்டிப் பார்க்கும் அரட்டைப் பெட்டி, நேரில் வருகை என்று நீங்கள் காட்டிய எல்லா வாசல்களையும் தட்டிக் களைத்துப்போன பிறகே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். எந்த மொழியிலும் முறைப்பாடு செய்யலாம் என்று உங்கள் இணையத்தளம் சொல்வதால் எனக்குக் கைவந்த மொழியில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் நான் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு வந்த பதில்களைப் பார்க்கும்போது, இதனால் எனக்குப் புதிதாக நட்டம் எதுவும் வரப்போவதில்லை என்றே தோன்றுகிறது.

விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகளுக்காக இந்தக் குளிர்காலத்தில் நீங்கள் நடத்திய கண்காட்சிக்கு, 140 டொலர் கொடுத்து மூன்று நாள் முன்னுழைவுச் சீட்டு வாங்கினேன். சாதாரணச் சீட்டுக்கு நாளொன்றுக்கு 20 டொலர்தான். மேலதிகமாக வாங்கிய 80 டொலருக்கு நீங்கள் வாக்களித்தவை இரண்டு. பொதுமக்களுக்குக் கதவு திறப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்னதாக உள்ளே விடுவோம் என்றீர்கள். மண்டபத்தின் ‘சி’ பகுதி முழுவதும் 1980க்கு முற்பட்ட அட்டைகளை விற்பவர்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்கும் என்றீர்கள். அந்த ஒரு மணித்தியாலத்தின் பெறுமதி என்னவென்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதற்கு விலை வைத்தவர்களே நீங்கள்தான். ‘சி’ பகுதி எங்கே இருந்தது, அன்று அங்கே உண்மையில் என்ன நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு முன்பே நான் வாசலில் நின்றேன். உங்கள் ஊழியரின் கருவி எனது சீட்டின் குறியீட்டை வாசிக்கவில்லை. பக்கத்தில் நின்ற வேறு பலரின் சீட்டுகளையும் அது வாசிக்கவில்லை. எங்கள் எல்லோரையும் ‘உதவி மேசை’ என்று எழுதியிருந்த ஓர் இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரேயொரு இளைஞர், ஒரேயொரு மடிகணினியுடன், அதன் மின்கம்பிக்குச் சுவரில் துளை தேடிக்கொண்டிருந்தார். அந்த வரிசையில் நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே பத்து மணிக்குப் பொதுக் கதவு திறந்தது. 20 டொலர் கொடுத்தவர்கள் எங்களைக் கடந்து உள்ளே போனார்கள். நான் உள்ளே போனபோது மணி 11.08. இந்த நேரத்தை ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. உங்கள் நிறுவனம் எனக்கு அனுப்பிய மின்னஞ்சலிலேயே அது பதிவாகியிருக்கிறது. அந்த மின்னஞ்சலைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

உள்ளே ‘சி’ பகுதி இருந்த இடத்தில் ஒரு மேடை, வண்ண விளக்குகள், நான்கைந்து கமராக்கள். ஒருவர் பெட்டிகளை உடைத்து, பொதிகளைக் கிழித்து, ஒவ்வோர் அட்டையையும் கமராவுக்குக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். வரும் அட்டைகளில் இந்த அணியினுடையவை தமக்கு என்று முன்கூட்டியே அணிவாரியாகப் பங்கு வாங்கியவர்கள் தங்கள் வீடுகளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை ‘பிரேக்’ என்று சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். இன்றைய இளைஞர்களில் பலர் இந்தப் பொழுதுபோக்குக்குள் இந்த வழியாகத்தான் வருகிறார்கள் என்பதும் தெரியும். அதில் எனக்குப் பகை இல்லை. ஆனால் வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கான ஒரு நிகழ்ச்சியை, நேரில் வருவதற்கென்று மேலதிகப் பணம் கொடுத்தவர்களின் இடத்தில் நடத்துவது என்ன நியாயம்? பழைய அட்டை விற்பவர்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுத் திரிந்ததில், பாதிப் பேர் வரவே இல்லை என்றும், வந்தவர்களைக் கழிப்பறைக்குப் போகும் பின்சுவரோரம் போட்டிருக்கிறீர்கள் என்றும் தெரிந்தது. அங்கே வெளிச்சமும் போதாது. ஐம்பது வருடப் பழைய அட்டையின் மூலைகளைக் கைத்தொலைபேசியின் விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

நான் என்ன தேடி வந்தேன் என்பதைச் சொன்னால்தான் எனது இழப்பு உங்களுக்குப் புரியும். 1971-72 பருவத்துக்கு ஓ-பீ-சீ நிறுவனம் வெளியிட்ட ஹொக்கித் தொகுப்பில் 264 அட்டைகள். ஒன்ராறியோவின் லண்டன் நகரில் இயங்கிய அந்த நிறுவனத்தின் அட்டைகளின் பின்பக்கத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும் சேர்ந்தே இருக்கும்; 1980களின் இறுதியில் இந்த நாட்டுக்கு வந்த எனக்கு வீரர்களின் பெயர்களையும் அரைகுறைப் பிரெஞ்சையும் கற்றுத்தந்தவை அவைதாம். இந்தத் தொகுப்பில் கீ லஃப்ளூரின் முதல் அட்டையும் மார்செல் டியோனின் முதல் அட்டையும் என்னிடம் இருக்கின்றன. இல்லாதது 45ஆம் இலக்கம், கென் ட்ரைடனுடையது. ஆறே ஆறு வழமைப் பருவ ஆட்டங்கள் ஆடிய நிலையில் 1971இல் மொன்றியால் அணிக்கு ஹொக்கியின் பெருங்கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தை வென்று கொடுத்து, அந்தக் கிண்ணச் சுற்றுகளின் சிறந்த வீரருக்கான கொன் ஸ்மைத் விருதையும் பெற்று, சிறந்த புதுமுக வீரருக்கான கால்டர் விருதை அதற்கு அடுத்த வருடமே வாங்கிய கோல் காப்பாளர் அவர். 2025 செப்டெம்பரில் அவர் காலமான பிறகு அந்த அட்டையைக் கேட்டு வருவோர் கூடிவிட்டார்கள் என்று விற்பனையாளர்களே என்னிடம் சொன்னார்கள்.

அன்று பின்சுவரோரம் இருந்த ஒரு விற்பனையாளர் எனக்குப் பல வருடப் பழக்கம். எனது தேவைப் பட்டியலின் ஒரு பிரதி அவரிடமே இருக்கிறது. என்னைக் கண்டதும் அவர் கையை விரித்தார். ட்ரைடன் அட்டையை எனக்காகவே கொண்டுவந்ததாகவும், முன்னுழைவு நேரத்தில் நான் வருவேன் என்று வைத்திருந்ததாகவும், பத்தரை மணி வரைக்கும் காணாததால் வேறொரு வியாபாரி கேட்ட விலைக்கு விட்டுவிட்டதாகவும் சொன்னார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மேசை வாடகையை நீங்கள் ஏற்றியிருக்கும் ஏற்றத்துக்கு, கையில் காசுடன் நிற்பவரை யார் திருப்பி அனுப்புவார்? பிற்பகலில் அதே அட்டையை, அதன் இடது ஓரத்து மைக் கோட்டை வைத்து அடையாளம் கண்டுகொண்டேன். அது மண்டபத்தின் மறுபக்கத்தில் ஓர் அலுமினியப் பெட்டிக்குள், ஏறக்குறைய இரட்டிப்பு விலையில் கிடந்தது. விலைத்துண்டு எதுவும் இல்லை. அந்த வியாபாரி கைத்தொலைபேசியில் அண்மைய ஏல விற்பனைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு அதில் மிகக் கூடியதைச் சொன்னார். இப்போதெல்லாம் எல்லா மேசைகளிலும் இதுதான் வழக்கம். நாம் ஓர் அட்டையை அவர்களுக்கு விற்கப் போகும்போது மட்டும் அதே கைத்தொலைபேசி மிகக் குறைந்த விலையைக் காட்டும்.

காலம் மாறுவதை நான் அறியாதவன் அல்லன். ஸ்காபரோவின் அங்காடி வளாகங்களில் மடிப்பு மேசை போட்டு அட்டை விற்ற நாள்களிலிருந்து இந்தக் கண்காட்சிகளுக்குப் போய் வருகிறேன். 1990-91இல் அப்பர் டெக், ஸ்கோர், புரோ செற் என்ற அட்டை நிறுவனங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் ஹொக்கிக்குள் இறங்கியபோது, ஊரே பெட்டி பெட்டியாக வாங்கி நிலவறையில் அடுக்கியதையும், பிறகு அவை சீண்டுவாரற்றுப் போனதையும் பார்த்தவன். அட்டையின் நிலையைப் பார்த்துப் புள்ளி போட்டுத் தரமிடும் நிறுவனங்கள் வந்து, அட்டையை விட அதை மூடிய பிளாஸ்ரிக் கூட்டின் இலக்கத்துக்கு விலை என்றானதையும், 2021இல் வேலை குவிந்து அவற்றில் ஒன்றான பிஎஸ்ஏ நிறுவனம் தனது மலிவான சேவைகளை இடைநிறுத்தியதையும், அதே வருடம் அதிகபட்சமான பத்துப் புள்ளி பெற்ற, ஹொக்கி வீரர் கிரெட்ஸ்கியின் ஓ-பீ-சீ முதல் அட்டை ஒன்று 37.5 லட்சம் அமெரிக்க டொலருக்குப் போனதையும் பார்த்தாயிற்று. இப்போது மண்டபத்தின் பெரும்பகுதி போகிமொன் கார்ட்டூன் அட்டைகள். இருக்கட்டும், பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். மாறிய கண்காட்சியை மாறிய கண்காட்சி என்றே விளம்பரம் செய்திருந்தால் நான் 20 டொலர்ச் சீட்டை வாங்கியிருப்பேன், அல்லது வீட்டிலேயே இருந்திருப்பேன். பழையதைக் காட்டி என்னிடம் பணம் வாங்கிவிட்டுப் புதியதை நடத்தினீர்கள்.

இனி உங்கள் தொலைபேசி அலுவலர். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அழைப்பின் குறிப்பிலக்கத்தை இணைத்துள்ளேன், நீங்களே கேட்டுப் பாருங்கள். நடந்த எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். அவர் இடையில் யாருடனோ சிரித்துப் பேசுவது எனக்குக் கேட்டது. முடிவில், “ஒரு அட்டைத் துண்டுதானே ஐயா, ஈபேயில் வாங்கிக்கொள்ளலாமே, எதற்கு இவ்வளவு தூரம்?” என்றார். அட்டைக் கண்காட்சிக்குச் சீட்டு விற்கும் நிறுவனத்தின் சம்பளத்தில் இருந்துகொண்டு ஒருவர் இப்படிச் சொல்கிறார். ஈபேயில் ஏன் வாங்குவதில்லை என்பதை உங்கள் ஊழியருக்கு நான் வகுப்பெடுக்க வேண்டுமா? அந்தக் கால ஓ-பீ-சீ அட்டைகளின் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். வெட்டிய விதம் அப்படி. பிசிறே இல்லாமல் வழவழவென்று இருந்தால், யாரோ பின்னாளில் ஓரத்தைச் சீவி அழகுபடுத்தியிருக்கிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டும். படத்தில் இது தெரியாது. அட்டையைச் சரித்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, ஓரத்தைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். கண்காட்சிக்கு மனிதர் நேரில் வருவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

அதே அலுவலர்தான், பற்றுச்சீட்டையும் கைப்பட்டியையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நேரில் போனால் அன்றே பணம் கிடைக்கும் என்று முகவரி ஒன்றைத் தந்தார். கொட்டும் பனியில் 401 நெடுஞ்சாலையில், வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு நாளில், அந்த முகவரிக்குப் போனேன். அது ஒரு வாடகைக் கட்டடம். வரவேற்பு மேசையில் இருந்த பாதுகாவலர் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உங்கள் நிறுவனத்துக்கு அங்கே அலுவலகம் எதுவும் இல்லை, ஒரு தபால் பெட்டி மட்டும்தான் இருக்கிறது என்றார். அந்தப் பெட்டியையும் காட்டினார். அதன் வாயில் உங்கள் அடுத்த கண்காட்சியின் துண்டுப்பிரசுரம் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் எனக்கு ஒரு கதிரை தந்து, சப்பாத்தில் ஒட்டிய பனி கரையும் வரைக்கும் இருந்துவிட்டுப் போகச் சொன்னார். இந்த விவகாரம் முழுவதிலும் என்னை மனிதனாக மதித்தவர் அவர் ஒருவர்தான். அவர் உங்கள் ஊழியரும் அல்லர்.

பின்னர் சொல்வதாகக் குறிப்பிட்ட மின்னஞ்சல் இதற்கு அடுத்து வந்தது. “உங்கள் சீட்டு முதல் நாள் 11.08 மணிக்கு வாசிக்கப்பட்டுள்ளது; எனவே சேவை பயன்படுத்தப்பட்டதாகக் கருதப்படும்; பணம் திருப்பித் தரப்பட மாட்டாது” என்று அதில் இருந்தது. ஐயா அல்லது அம்மையீர், தயவுசெய்து இந்த வரியை நிதானமாக வாசியுங்கள். ஒன்பது மணிக்கு உள்ளே விட வேண்டிய சீட்டை 11.08க்குத்தான் வாசித்தோம் என்று உங்கள் பதிவே சொல்கிறது. எனது முறைப்பாட்டுக்கு இதைவிடச் சிறந்த சாட்சியை நான் தேடினாலும் கிடைக்காது. இதையே சுட்டிக்காட்டி நான் எழுதிய பதிலுக்கு, ‘உங்கள் கருத்துக்கு நன்றி, அடுத்த கண்காட்சிக்கு 10 வீதக் கழிவு’ என்று தானியங்கிப் பதில் வந்தது.

எனது கோரிக்கை இதுதான். சீட்டின் முழுத் தொகையான 140 டொலர், வாகனத் தரிப்பிடக் கட்டணம், வீணாய்ப்போன பயணத்தின் எரிபொருள், ட்ரைடன் அட்டையின் பழைய விலைக்கும் புதிய விலைக்கும் இடையிலான வித்தியாசம் ஆகியவற்றுடன், எனது மனவுளைச்சலுக்காக 2,500 டொலரையும் நீங்கள் தர வேண்டும். கடைசித் தொகை அதிகம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனது வயதில் ஒரு தொகுப்பு முடிவடையாமல் போவது என்பது அநேகமாக அது இனி முடிவடையவே போவதில்லை என்பதாகும். இருபது வருடத்துக்கும் மேலான தேடலை ஒரு காலைப் பொழுதில் நாசமாக்கிவிட்டு, அதை ‘அட்டைத் துண்டு’ என்று சொன்னவருக்காக நீங்கள் இன்னும் கூடுதலாகவே தர வேண்டும் என்பது எனது அபிப்பிராயம்.

இருந்தாலும் நான் வழக்குப் பிரியன் அல்லன். சீட்டுப் பணத்தைத் தந்து, அந்த அலுவலரிடமிருந்து எழுத்தில் ஒரு மன்னிப்பையும் பெற்றுத் தந்து, அடுத்த கண்காட்சியில் பழைய அட்டைகளின் பகுதியை வெளிச்சமுள்ள ஓர் இடத்தில் உண்மையாகவே அமைத்தால், ஏனைய தொகைகளைப் பற்றி அமைதியாகப் பேச நான் ஆயத்தமாக இருக்கிறேன். உங்கள் கண்காட்சி அழிய வேண்டும் என்பது எனது விருப்பமல்ல. வேறு எங்கே போய் இந்த மனிதர்களை ஒரே கூரையின் கீழ் பார்ப்பது?

இல்லையென்றால் நடக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் விவரங்களைக் கூறிப் பொருளோ சேவையோ விற்பது நியாயமற்ற நடைமுறை. அப்படிச் செய்யப்பட்ட ஒப்பந்தத்திலிருந்து நுகர்வோர் ஒரு வருடத்துக்குள் அறிவித்தல் கொடுத்து விலகிக்கொள்ளலாம். இந்தக் கடிதத்தையே அந்த அறிவித்தலாக எடுத்துக்கொள்ளவும். இது கிடைத்து இரண்டு வாரங்களுக்குள் பதில் வராவிட்டால், கடனட்டை வங்கியிடம் கொடுப்பனவை மறுத்து முறையிடுவேன். மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதுவேன். அதன் பின் சிறு உரிமைக்கோரல் நீதிமன்றம். அன்று அந்த உதவி மேசை வரிசையில் என்னோடு நின்றவர்களில் சிலரின் தொலைபேசி இலக்கங்களும் என்னிடம் உள்ளன.

சீட்டின் பிரதி, கடனட்டைப் பற்றுச்சீட்டு, நீங்கள் விளம்பரப்படுத்திய மண்டப வரைபடம், அன்று ‘சி’ பகுதியில் நான் எடுத்த படங்கள், 11.08 மணி மின்னஞ்சல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். பதிலை எழுத்தில் மட்டும் அனுப்பவும். உங்கள் தொலைபேசிப் பிரிவிலிருந்து வரும் எந்த அழைப்பையும் நான் எடுக்கப்போவதில்லை.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
உங்கள் நீண்டகால வாடிக்கையாளர்.