உன் நாயகனுக்கு எப்படித் தெரியும்?

அன்புள்ள தம்பி,

செத்துப்போன தங்கைக்காக அண்ணன் பழிவாங்கக் கிளம்பும் உன் நாவலின் கையெழுத்துப் பிரதியை ஒரே மூச்சில் படித்தேன். வேகத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கூடவே ஒரு கேள்வியும் அனுப்பியிருந்தாய்: "கதையில் ஒருத்தன் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டால் என்ன தப்பு அண்ணா, அது கதைதானே?" இதையே வேறு சிலரும் கேட்டிருப்பதால், உன் சம்மதத்தோடு எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுகிறேன். முடிவை மட்டும் வெளியே சொல்ல மாட்டேன், பயப்படாதே.

பழிவாங்கும் கதையைப் படித்துச் சந்தோஷப்படுவதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. உன் நாயகன் அந்தப் பெரிய மனிதரின் வீட்டுக் கதவைத் தட்டும் இடத்தில் நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அநியாயத்தைக் கண்டால் கை பரபரப்பது மனுஷ சுபாவம். கொலைக் கதை படிக்கிறவர்கள் கெட்டுப்போய்விடுவார்கள் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. என் சிக்கல் வேறு.

உன் முதல் அத்தியாயத்தை எடுத்துக்கொள். குற்றம் நடப்பதை வாசகனுக்கு அப்படியே காட்டிவிடுகிறாய். யார் செய்தான், எப்படிச் சிரித்தான், போகும்போது என்ன சொன்னான், எல்லாம். அந்த நிமிஷத்திலிருந்து வாசகன் நேரில் பார்த்த சாட்சி. அப்புறம் நீதிமன்றக் காட்சி வருகிறது. "என் கட்சிக்காரர் அங்கே இல்லவே இல்லை" என்று வக்கீல் வாதாடும்போது நமக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆதாரம் போதவில்லை என்று நீதிபதி சொன்னால் அவர் முட்டாள், இல்லையென்றால் விலைபோனவர். ஆனால் அந்த நீதிபதி உன் முதல் அத்தியாயத்தைப் படிக்கவில்லையே! அவர் முன்னால் இருப்பது பயந்துபோன ஒரு சாட்சியும், முகம் தெரியாத ஒரு கேமரா பதிவும்தான். அவர் நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்தால் என்ன தீர்ப்பு எழுதுவாய்?

இந்த வகைக் கதைகளின் நியாயம் முழுவதும் இந்த ஒரு ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது. இவன்தான் குற்றவாளி, சந்தேகமே வேண்டாம் என்று எழுத்தாளன் உத்தரவாதம் தருகிறான். நிஜத்தில் அப்படி ஜாமீன் நிற்க ஆள் கிடையாது. குறுக்கு விசாரணையும் மேல்முறையீடும் இருப்பதே அதனால்தான். நாயகன் கொன்றது சரியா தப்பா என்று நாம் மாய்ந்து மாய்ந்து பேசுகிறோம். அவனுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. உன் கதையில் சம்பவம் நடந்தபோது அவன் ஊரிலேயே இல்லை. ஓர் அடியாள் அடி தாங்காமல் சொன்ன பெயரை நம்பித்தான் கிளம்புகிறான். அடி விழும்போது யார் பெயரைத்தான் சொல்ல மாட்டார்கள்? அது சரியான பெயராக இருந்தது நீ அவனுக்குச் செய்துகொடுத்த உபகாரம்.

கண்ணகியைத் துணைக்கு அழைத்திருந்தாய். நல்ல உதாரணம், ஆனால் அது உன் கட்சியில் நிற்கவில்லை. கோவலன் எப்படிச் செத்தான் என்று யோசித்துப் பார். பொற்கொல்லன் வந்து ஒரு சொல் சொன்னான். ஊடலில் இருந்த அரசியைத் தேற்றப் போய்க்கொண்டிருந்த பாண்டியன், சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவா என்று சொல்லிவிட்டான். போன காவலர்களே தயங்கினார்கள். இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்றார்கள். பொற்கொல்லன் சிரித்துவிட்டு, களவுக்கு மந்திரம், தெய்வம், மருந்து என்று எட்டுத் துணை உண்டு என்று பாடமே நடத்தினான். அந்தப் பேச்சுக்கு நடுவில் குடிபோதையில் இருந்த ஒருவன் வாளை வீசிவிட்டான். ஒரு வாய்ச்சொல், கையில் ஒரு பொருள், உடனே தண்டனை. உன் நாயகன் போகிற வழியும் இதுதான்.

கண்ணகி போனது வேறு வழி. அவள் அரசவைக்கு வந்து வழக்குரைக்கிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து என்று அரசனே சொல்கிறான். உடைத்துக் காட்டுகிறாள். "யானோ அரசன் யானே கள்வன்" என்று அவன் விழுந்து உயிரை விடுகிறான். வழக்கு அங்கேயே அவளுக்குச் சாதகமாக முடிந்துவிட்டது. மதுரை எரிவது அதற்கு அப்புறம்! தீர்ப்பு கிடைத்தும் கோபம் அடங்கவில்லை. அறவோர், மூத்தோர், குழந்தைகள் என்று யார் யாரை விட்டுவிட வேண்டும், தீயவர் பக்கம் மட்டும் போ என்று தீயிடம் அவளே சொல்ல வேண்டியிருக்கிறது. காப்பியத்துத் தீ சொன்னபடி கேட்கும். உன் நாவலில் நீ வைத்த தீயும் அப்படித்தான் கேட்கிறது. அவ்வளவு பெரிய வீடு எரிகிறது, உள்ளே ஒரு சமையல்காரர்கூட இல்லை.

வெளியே இருந்தும் ஓர் உதாரணம். பிரையன் கார்ஃபீல்டின் 'டெத் விஷ்' நாவல் 1972இல் வந்தது, படம் 1974இல். அந்தப் படத்தில் மனைவியைக் கொன்றவர்கள் நாயகனுக்குக் கடைசிவரை கிடைப்பதே இல்லை. அவன் சுடுவதெல்லாம் வழிப்பறிக்கு வருகிற வேறு ஆட்களை. இருந்தும் கணக்குத் தீர்ந்த மாதிரி கைதட்டல் விழுந்தது. படம் போன திசை கார்ஃபீல்டுக்குப் பிடிக்கவில்லை. பதில் சொல்கிற மாதிரி 1975இல் 'டெத் சென்டென்ஸ்' என்று அடுத்த நாவலை எழுதினார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். சித்தப்பாதான் தன்னைக் கொன்றார் என்று அப்பாவின் ஆவி சொன்னதை அப்படியே நம்பாமல் நாடகம் போட்டுச் சோதித்துப் பார்த்தவன் அவன். அவ்வளவு யோசித்தவனே, திரைக்குப் பின்னால் சத்தம் கேட்டதும் குத்தி, வேறு ஆளைக் கொன்றுவிடுகிறான்.

அப்புறம் அந்தத் தங்கை. மூன்று பக்கம் உயிரோடு இருக்கிறாள், செத்துப்போகிறாள், மிச்ச நாவல் முழுக்க அண்ணனுக்குக் கோபம் வரத் தேவைப்படும்போதெல்லாம் ஒரு புகைப்படமாக வருகிறாள். அவள் என்ன படித்தாள், எதற்குச் சண்டை போடுவாள், இந்தக் கொலைகளை அவள் கேட்டிருப்பாளா, ஒன்றும் தெரியவில்லை. இதை மேலும் விளக்க வேண்டியதில்லை, உனக்கே புரியும்.

சரி, என்ன செய்யலாம்? முதல் அத்தியாயத்தைத் தூக்கிவிட்டு, நாயகனுக்குத் தெரிந்தது மட்டும் வாசகனுக்குத் தெரியும்படி ஆரம்பித்துப் பார். விறுவிறுப்பு போய்விடும் என்பாய். கூடும் என்பது என் கணக்கு. அடியாள் சொன்ன பெயர் தப்பாக இருக்குமோ என்ற பயம் ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் நாயகனோடு சேர்ந்து வாசகனையும் பிடித்து உலுக்கும். அத்தனை சந்தேகத்தோடும் அவன் உள்ளே போனால் போகட்டும், அது உன் இஷ்டம். அவன் நல்லவனாகத் திருந்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. போலீசைக் கூப்பிட்டுச் சுபமாக முடிக்காதே, அதைவிட இப்போது இருப்பதே மேல். தீ வைக்கிற அத்தியாயத்தில் மட்டும் அந்தச் சமையல்காரரை உள்ளே வைத்து ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்