மழைக்கு முன்னால் நம் தெரு மரங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தது நினைவிருக்கும். சீக்கிரம் வளர்ந்து நிழல் தருமே என்று வைத்த மயிற்கொன்றை, பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி எல்லாம் நிறைய விழுந்தன. புங்கன், புன்னை, பூவரசு போன்றவை காற்றை ஓரளவு நன்றாகவே தாங்கும்.

ஆனால் எல்லாப் பழியையும் மரத்தின் மேல் போட முடியாது. வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்க வேரை அறுத்துவிடுகிறார்கள். அப்புறம் அடிமரம் வரை சிமென்ட். போதாக்குறைக்கு, மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளை மட்டும் வெட்டுவதால் பாரம் மறுபக்கம் சேர்கிறது. மண் ஊறிக்கிடக்கும்போது இப்படிப்பட்ட மரம் வேப்பமரமானாலும் வேரோடு வந்துவிடும்.

ஞாயிறு காலை 7 மணிக்கு பிள்ளையார் கோயில் முனையில் கூடுவோம். அடிமண் வெடித்து ஒரு பக்கம் தூக்கியிருக்கிறதா, தண்டில் காளான் முளைத்திருக்கிறதா, தட்டினால் பொந்துச் சத்தம் வருகிறதா என்று பார்த்துப் படம் எடுத்துப் போடுங்கள். சந்தேகமான மரங்களுக்கு மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிவோம். தயவுசெய்து யாரும் ஆள் வைத்து உச்சியை மொட்டையடிக்க வேண்டாம். அங்கே கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிப்பு கிடையாது, அடுத்த காற்றில் அவைதான் முதலில் முறியும்.

யார் காரை எந்த மரத்தடியில் நிறுத்துவது என்ற சண்டையை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.