சேலம் பேக்கரிக்காரர்களுக்கு: அந்த கேக்கில் என்ன ஊற்றினீர்கள்?

சேலத்திலும் ஏற்காட்டிலும் பேக்கரி நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒருவர் கடையில் நடந்தது இதற்குள் உங்கள் எல்லோர் காதுக்கும் வந்திருக்கும். 'சுகர் ஃப்ரீ' கேக்கைச் சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்தது நான்தான். கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த ஒரு கடையோடு தீருகிற விஷயமும் இல்லை இது.

எனக்கு இருப்பது சர்க்கரை நோய் அல்ல. பழச்சர்க்கரையை, அதாவது ஃப்ரக்டோஸை உடைக்கிற ஆல்டோலேஸ் பி என்ற நொதி என் கல்லீரலில் சரியாக வேலை செய்யாது. பிறவிக் குறை. நீங்கள் மூட்டை மூட்டையாக வாங்கும் வெள்ளைச் சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ்தான். தேனில் ஏறத்தாழ 40 சதவீதம். உள்ளே போனால் வாந்தி, வியர்வை, ரத்தத்தில் குளுக்கோஸ் சடாரென்று இறங்கும். தொடர்ந்து போனால் கல்லீரலும் சிறுநீரகமும் கெடும். (இனிப்பே தொடாததால் பல்லில் ஒரு சொத்தை கிடையாது. என் பல் டாக்டருக்கு மட்டும் என்னைப் பார்த்தால் சந்தோஷம்.)

உங்கள் கடைகளில் நான் படும் பாடு எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "இதில் சர்க்கரை இருக்கா?" என்று கேட்டால் போதும், கல்லாவில் இருப்பவர் முகத்தில் ஒரு பரிவு வந்துவிடும். "சுகராக்கா? இந்த வயசிலேயேவா?" உடனே தனி அலமாரியைக் காட்டுவார். நாட்டுச்சர்க்கரை பிஸ்கட், கருப்பட்டி கேக், பேரீச்சம்பழ கேக். "வெள்ளைச் சர்க்கரையே கிடையாதுக்கா, தைரியமா சாப்பிடுங்க." எனக்கு அத்தனையும் ஒன்றுதான். சொல்லப்போனால் சர்க்கரை நோயாளிக்கும் கருப்பட்டி சர்க்கரைதான். அதை அவர்கள் தனி மடலாக எழுதட்டும்.

அன்றைக்கும் விடாமல் கேட்டேன். ஸ்டீவியா என்ற செடியின் இலையிலிருந்து எடுக்கும் இனிப்பு மட்டும்தான் என்றார்கள். அது எனக்கு ஒத்துக்கொள்ளும், நம்பிச் சாப்பிட்டேன். ராத்திரியே குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. மறுநாள் என் தம்பி போய் விசாரித்தபோது மாஸ்டர் சொன்னாராம்: "கேக் காயாம மெத்துன்னு இருக்க சார்பிட்டால் சிரப் ஊத்துவோம். அது சர்க்கரை இல்லையே தம்பி." அவர் பொய் சொல்லவில்லை. சார்பிட்டால் உடம்புக்குள் போன பிறகுதான் ஃப்ரக்டோஸாக மாறுகிறது. மாஸ்டருக்குத் தெரிந்தது கல்லாவுக்குத் தெரியவில்லை. கல்லாவுக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்?

அதனால் கேட்கிறேன்: ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் ஒரு சின்ன அட்டை வையுங்கள். இனிப்புக்கும் பதத்துக்கும் என்ன சேர்த்தீர்கள் என்று தமிழில் எழுதுங்கள். பன்னுக்கும் உப்பு பிஸ்கட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவற்றிலும் சர்க்கரை விழுவது உங்களுக்குத் தெரியாததா?

பாக்கெட்டில் அடைத்தால் சட்டத்துக்குப் பயந்து எல்லாவற்றையும் அச்சடிக்கிறீர்கள். அதே கேக் தட்டுக்கு வந்ததும் ஊமையாகிவிடுகிறது. 2020 அக்டோபரிலிருந்து சில்லறை இனிப்புகளுக்குக்கூட எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கச் சொன்னார்கள். எத்தனை கடைகளில் அது கண்ணில் படுகிறது? 'பாட்டி கைப்பக்குவம்' என்று எழுத மட்டும் ஆளுயரப் பலகை கிடைக்கிறது. ஏற்காட்டுக்குப் போனால் மலைத்தேன் கேக் தீர்க்காத வியாதியே இல்லை.

இன்னொன்று. ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் நம்முடையது. ஜவ்வரிசி செய்கிற அந்த மரவள்ளி மாவை உடைத்தால் கிடைப்பது குளுக்கோஸ், என்னை ஒன்றும் செய்யாத சர்க்கரை. வீட்டில் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது அதே குளுக்கோஸ் பொடி போட்டுத்தான் கேக் செய்கிறேன். இனிப்பு கம்மி, சீக்கிரம் சிவந்துவிடும், அவ்வளவுதான். ஊரைச் சுற்றி ஜவ்வரிசி ஆலைகளை வைத்துக்கொண்டு இப்படி ஒரு கேக் போட யாருக்கும் தோன்றவில்லை. சரி, என் ஒருத்திக்காகத் தனி கேக் போடச் சொல்வது அதிகம்தான். அதை விடுங்கள்.

அட்டை மட்டும் வையுங்கள். எழுத ஆள் இல்லை என்றால் நானே வந்து எழுதித் தருகிறேன். மாஸ்டர் பக்கத்தில் நின்று என்னென்ன ஊற்றுகிறார் என்று சொன்னால் போதும். தீபாவளி ஆர்டர் குவிவதற்கு முன் உங்கள் சங்கத்தில் பேசி ஒரு முடிவு சொல்லுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்