ஜொன்னம் டிராகன்ஸ் யாருடைய ‘இரண்டாம் அணி’?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தென்கொரியாவின் இரண்டாம் பிரிவுக் கால்பந்துத் தொடரான கே லீக் 2 குறித்துக் கடந்த இதழில் வெளிவந்த கட்டுரை, தமிழில் அரிதாகவே எழுதப்படும் பொருளை எடுத்துக்கொண்டதற்காகப் பாராட்டுக்குரியது. ஆனால், ஜொன்னம் டிராகன்ஸ் கழகத்தைப் ‘போஸ்கோ எஃகு நிறுவனத்தின் இரண்டாம் அணி’ என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்ததும், பெருநிறுவனங்களின் கழகங்களுக்குப் பணக் கவலை இல்லாததால் அவை கீழ்ப்பிரிவுக்கு இறங்கினாலும் வருந்த ஒன்றுமில்லை என்று முடிவுகட்டியதும் எனக்கு ஏற்புடையவையாக இல்லை. அக்கழகத்தின் ஊரான குவாங்யாங் நகரை அடுத்த சுன்சொனில் சில ஆண்டுகள் ஆய்வுப் பணியில் இருந்து, அந்தக் கழகத்தின் மஞ்சள் சட்டையோடு அதன் ஆட்டங்களுக்குப் போய்வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

குவாங்யாங் ஏறத்தாழ 1,50,000 பேர் வாழும் கடலோர நகரம். 1987-இல் இயங்கத் தொடங்கிய போஸ்கோவின் எஃகு ஆலையை ஒட்டியே அந்நகரின் வாழ்க்கை நடக்கிறது. ஆலைப் பணியாளர் குடியிருப்புகள் உள்ள கும்ஹோ பகுதியில்தான் கால்பந்து அரங்கமும் இருக்கிறது. ஓட்டப் பாதை ஏதுமில்லாமல் கால்பந்துக்கென்றே கட்டப்பட்டதால், பந்தை உதைக்கும் ஓசைகூட இருக்கைவரை கேட்கும். 1995-இல் தொழில்முறைத் தொடரில் சேர்ந்த கழகம், 1997-இலேயே, எல்லாப் பிரிவு அணிகளும் மோதும் கொரிய எஃப்.ஏ. கோப்பையை வென்று, அதே ஆண்டு முதன்மைத் தொடரிலும் இரண்டாம் இடம் பெற்றது. இரும்பு உருக்குதல் என்று பொருள்படும் ‘ஜேச்சொல்’ என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கிய குவாங்யாங் மேல்நிலைப் பள்ளியில் பயின்று, கழகத்துக்கு ஆடி, இங்கிலாந்தின் சண்டர்லாந்து வரை சென்றவர் ஜி டொங்-வோன். 2012 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியில் இருந்த யுன் சுக்-யொங் அங்கிருந்து வந்த இன்னொருவர்.

‘இரண்டாம் அணி’ என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்பதை நான் அறியாதவன் அல்லன். போஸ்கோவுக்குக் கிழக்குக் கடற்கரையில் போஹாங் ஸ்டீலர்ஸ் என்ற மூத்த கழகம் உண்டு. அது 1973-இல் தோன்றியது. ஆனால் 2007-இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் இவ்விரு கழகங்களும் மோதியபோது, அவ்வாண்டின் லீக் வாகையரான போஹாங்கை, ஹோ ஜொங்-மூ பயிற்றுவித்த ஜொன்னம் இரண்டு ஆட்டங்களிலும் வீழ்த்திக் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. ஒரே நிறுவனத்தின் பணத்தில் இயங்கினாலும் ஒன்று மற்றொன்றின் நிழல் அல்ல என்பதை அந்த மக்கள் அன்று கண்ணாரக் கண்டார்கள். இன்றும் அங்குள்ள முதியவர்கள் அந்த இறுதியாட்டத்தை நேற்று நடந்ததுபோலச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

2018-இல் ஜொன்னம் முதற்பிரிவின் 12 அணிகளில் கடைசி இடம் பெற்றுக் கீழே இறங்கியது. அதற்குப் பின் நடந்தவற்றைக் கட்டுரை தொடவே இல்லை என்பதுதான் என் பெரிய குறை. 2021 எஃப்.ஏ. கோப்பை இறுதியின் முதல் ஆட்டத்தில், சொந்த மண்ணில், தேகு அணியிடம் 0–1 என்று தோற்ற இரவில் அரங்கத்தை விட்டு வெளியே வந்தவர்களுள் நானும் ஒருவன். இனி நம்பிக்கைக்கு இடமில்லை என்றுதான் எண்ணினோம். டிசம்பர் 11 அன்று தேகுவில் நடந்த இரண்டாம் ஆட்டத்தை அறையில் அலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று முறை முன்னிலை பெற்றும், மூன்று முறையும் எதிரணி சமன்செய்தும், ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் ஜொங் ஜே-ஹீ அடித்த கோலால் ஜொன்னம் 4–3 என்று வென்றது. மொத்த கோல்கள் 4–4 எனச் சமமானபோதும், எதிரணி மண்ணில் கூடுதல் கோல் அடித்த அணிக்கே வெற்றி என்ற விதியால் கோப்பை குவாங்யாங்குக்கு வந்தது. இரண்டாம் பிரிவு அணி அக்கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. அதன் பயனாக 2022-இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கிலும் அது ஆடியது.

ஆனால் அதே 2022-இல் கே லீக் 2-இன் 11 அணிகளில் ஜொன்னம் கடைசி இடத்தில் முடித்தது. கோப்பையை வென்றுதந்த ஜொங் ஜே-ஹீயும், இறுதியாட்டத்தில் தற்காப்பில் நின்ற பார்க் சான்-யொங்கும் அந்தப் பருவத்தில் எங்கே ஆடினார்கள் தெரியுமா? போஹாங்கில். ஒரு வீரர் மேற்பிரிவுக்குப் போக விரும்புவது இயல்பு. அதை நான் குறைசொல்லவில்லை. ஆயினும் ஆசியப் போட்டிக்குத் தயாராக வேண்டிய குளிர்காலத்தில் அவர்கள் சென்று சேர்ந்த இடம் அதே நிறுவனத்தின் இன்னொரு கழகம் என்பது குவாங்யாங் மக்களின் நெஞ்சில் எப்படித் தைத்திருக்கும் என்பதைத் தங்கள் கட்டுரையாளர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பணம் இருந்தால் போதும் என்ற வாதத்துக்கு வருகிறேன். எஸ்.கே. குழுமத்தின் ஜேஜு கழகம் 2019-இல் இறங்கி மறு ஆண்டே மேலே ஏறியது. அதை மட்டும் பார்த்தால் கட்டுரையாளர் சொல்வது சரிபோலத் தோன்றும். ஆனால் பெருநிறுவனக் கழகங்களில் முதலில் இறங்கிய பூசான் ஐபார்க், 2015-இல் விழுந்து, 2020-இல் ஒரே ஒரு பருவம் மேலே இருந்து, திரும்பவும் விழுந்தது. 1980-களில் ஆசியக் கழகங்களுக்கான கோப்பையை வென்ற வரலாறு அதற்கு உண்டு. நான்கு முறை லீக் வென்ற சுவோன் சாம்சங்கின் நிலை இன்னும் வேதனையானது. 2014-இல் அக்கழகம் சாம்சங் மின்னணு நிறுவனத்திடமிருந்து அதே குழுமத்தின் விளம்பர நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2023-இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. ஒரு கழகத்தை விளம்பரத் துறையின் கையில் கொடுப்பது, அதை என்னவாக நிறுவனம் கருதுகிறது என்பதைத் தானே சொல்லிவிடுகிறது. பணம் குறைவதைக் காட்டிலும், கழகம் எதற்காக இருக்கிறது என்று உரிமையாளர் மறந்துபோவதுதான் கேடு.

போஸ்கோவுக்கு இதில் மற்றவர்களைவிடக் கூடுதல் கடமை உண்டு என்று கருதுகிறேன். 1968-இல் அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்டு, ஜப்பானியக் காலனி ஆட்சியின் பொருட்டு 1965-இல் ஜப்பானுடன் செய்த உடன்படிக்கையின்படி கிடைத்த பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு எழுப்பப்பட்ட நிறுவனம் அது. 2000-இல் முழுமையாகத் தனியார்மயமானாலும், மக்களுடைய இழப்பின் ஈட்டில் முளைத்த ஆலை, அந்த மக்களின் ஊர்க் கழகம் முதற்பிரிவுக்குத் திரும்ப வேண்டும் என்று விரும்புகிறதா, இல்லையா என்பதையேனும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விரும்புகிறது என்றால், எத்தனை பருவங்களில், எத்தகைய அணியைக் கொண்டு, தன் பள்ளியில் வளரும் இளைஞர்களில் எத்தனை பேரை அங்கேயே நிறுத்திக்கொண்டு என்று திட்டம் இட வேண்டும். 2021-இலும் 2024-இலும் முதற்பிரிவுக்கு ஏறுவதற்கான தகுதிச் சுற்று ஆட்டங்களில் தோற்காமலே, சமநிலையில் முடிந்தால் பட்டியலில் மேலிருக்கும் அணிக்கே வாய்ப்பு என்ற விதியால் வெளியேறிய கழகம் இது. மிகச் சிறிய இடைவெளியே இருந்தது என்பதால் இந்தக் கேள்வி எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆகவே அடுத்த இதழில் ‘போஸ்கோவின் இரண்டாம் அணி’ என்ற வரியை நீக்கி, ‘குவாங்யாங்கைத் தாயகமாகக் கொண்ட, போஸ்கோ நடத்தும் ஜொன்னம் டிராகன்ஸ்’ என்று திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன். 2021 இறுதியாட்டத்தைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வந்தால் இன்னும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்