ஓவன்தான் வாங்குகிறோம்

கொழும்பு 13
நவம்பர் 4

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீ அனுப்பிய காசு வந்து சேர்ந்தது. வட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அதில் அம்மா ஒரு பக்கம் கதைக்க, தம்பி ஒரு பக்கம் கதைக்க, நடுவில் அப்பம்மா "லைனில் யார்?" என்று கேட்டுக்கொண்டிருக்க, ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லி முடிக்க ஏலாது. அதனால் ஆறுதலாக எழுதுகிறேன். தம்பி இதைப் படம் பிடித்து அனுப்புவான்.

"இது அப்பாவின் பிளேனருக்கு மட்டும்" என்று, என் தச்சுப் பட்டறைக்குப் பலகை சீவுகிற மெஷின் வாங்கச் சொல்லி நீ கட்டளை போட்டது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் கேக் போடுகிற ஓவன் என்ற பேச்சை என் முன்னால் ஒருவரும் எடுக்கவில்லை. அம்மா மட்டும் பத்திரிகை விளம்பரம் ஒன்றை வெட்டி வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். சரி, முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: ஓவன்தான் வாங்குகிறோம். பாவம் அப்பா, எங்களுக்காக விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அங்கே இருந்து கண்ணைக் கசக்காதே. நான் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். கணக்குப் பார்த்தேன், அவ்வளவுதான்.

காசு வந்த கிழமையே பழைய சோனகத் தெருவுக்குப் போனேன். அந்தத் தெருவில் ஆணி வாங்கப் போனாலும் அரை நாள் போய்விடும். சுமை தூக்குகிற நாட்டாமைமார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வழி கேட்டுச் சத்தம் போட, இரும்புக் குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டும். ஒரு கடையில் புது பிளேனர் இருந்தது, 12 அங்குலம் அகலம். பலகையை ஒரு பக்கத்தால் விட்டால் ரோலர் தானே இழுத்து, மேல்பக்கத்தைச் சீவி, மற்றப் பக்கத்தால் தள்ளிவிடும். கடைக்காரத் தம்பி ஓட்டியும் காட்டினான். பொய் சொல்லக் கூடாது, பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. இன்னொரு இடத்தில் ஜப்பானில் இருந்து வந்த பழையது ஒன்று, விலை பாதிக்கும் குறைவு. ஆனால் ஜப்பான் கரண்ட் 100 வோல்ட், நம்முடையது 230. அதற்கென்று பெரிய ட்ரான்ஸ்போமர் ஒன்று வாங்கி, அதையும் பட்டறையில் ஒரு மூலையில் குடிவைக்க வேண்டும். அலகு மழுங்கினால் அந்த மாடலுக்கு அலகு தேடி அலைய வேண்டும். தேக்கில் மண் மாதிரி சிலிக்கா இருக்கிறது, அலகைச் சீக்கிரம் தின்றுவிடும். மெஷின் மலிவு என்று சொல்கிறவர்கள் அலகின் விலையைச் சொல்வதில்லை.

இனி உனக்குத் தெரியாத ஒன்று. இந்த மெஷின் வளைந்த பலகையை நேராக்காது. எல்லோரும் நேராக்கும் என்றுதான் நினைக்கிறார்கள். உள்ளே போகும்போது ரோலர் பலகையை அமுக்கிப் பிடிக்கும், அந்த நேரம் அது நேராக நிற்கும், மேலே சீவுப்படும். வெளியே வந்ததும் பலகை பழையபடி வளைந்துகொள்ளும். வளைந்த தடித்த பலகை போய், வளைந்த மெல்லிய பலகை வரும். முதலில் அடிப்பக்கத்தைச் சமமாக்கித்தான் உள்ளே விட வேண்டும். அதற்கு வேறு மெஷின், அல்லது என் கைச்சீவுளி. கடைசி இரண்டு அங்குலத்தில் கொஞ்சம் ஆழமாகக் கடித்து ஒரு படி விழவும் பார்க்கும். அதை வெட்டி எறிய வேண்டும், இல்லாவிட்டால் திரும்பக் கையால் சீவ வேண்டும். பலா மரம் என்றால் சொல்லவே வேண்டாம். நார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி ஓடுவதால் பிய்த்துக்கொண்டு வரும்.

இதெல்லாம் இருந்தும் வாங்கியிருப்பேன், வேலை இருந்தால். வேலைதான் இல்லை. ஓடர் இல்லை என்று சொல்லவில்லை, மாதாவின் புண்ணியத்தில் வருகிறது. ஆனால் வருகிற வேலை எது என்று பார். வெள்ளவத்தை மாடிக் குடியிருப்புகளுக்குத் தம்பி செய்கிற சமையலறை அலுமாரி முழுவதும் மெலமைன் பலகை. எட்டுக்கு நாலு அடி, தொழிற்சாலையிலேயே மினுக்கி வருகிறது. அதை அறுத்து விளிம்பு ஒட்டினால் சரி, அதில் பிளேனருக்கு ஒரு வேலையும் இல்லை. என்னிடம் வருகிறது பழைய சாமான்: பிரம்பு அறுந்த கதிரை, கால் ஆடுகிற மேசை, யாரோ ஒருவரின் தாத்தாவின் சாய்மனைக் கதிரை. இந்த வருடம் முழுவதும் தேக்கில் புதிதாகச் செய்தது ஒரு கட்டிலும் சிலை வைக்கிற ஒரு சுரூபக் கூடும் மட்டுமே. அந்தப் பலகைகளைக் கிராண்ட்பாஸ் பக்கத்து மர ஆலைக்கு ஓட்டோவில் கொண்டுபோனேன், அடிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு சீவித் தந்துவிட்டார்கள். காத்திருக்க வேண்டும், ஆலைக்காரனின் அரசியலைக் கேட்க வேண்டும், அதுதான் கஷ்டம். அதற்காக ஒரு மெஷினை வாங்கிப் போர்வை போர்த்தி வைப்பதா?

சத்தம் வேறு. நம்முடைய பட்டறை வீட்டின் பின்பக்கத் தகரக் கூரைக்குக் கீழேதானே. பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நம்முடையதற்கும் நடுவில் கை நுழையாது. அங்கே இப்போது கைக்குழந்தை இருக்கிறது. கிரைண்டர் போட்டாலே நான் நேரம் கேட்டுத்தான் போடுகிறேன். மரத்தூளையும் நான் முன்னைப்போல் சும்மா நினைப்பதில்லை. 1995இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மரத்தூளைப் புற்றுநோய் தருகிற பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது என்று நீதான் ஒருமுறை வாசித்துச் சொன்னாய். அப்பம்மா இருமுகிற இருமல் போதும்.

எனக்கு உண்மையில் இல்லாதது, ஒட்டின மரத்தை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப். கதிரைக் காலைப் பசை போட்டு ஒட்டிவிட்டு, இன்றைக்கும் சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றித்தான் கட்டுகிறேன். அது நன்றாகவே பிடிக்கும். ஆனால் மேசைப் பலகை ஒட்ட டியூப் காணாது, நீளக் கிளாம்ப் வேண்டும். அதை வாங்குவேன், உன் காசில் இல்லை. பட்டறைக்கு வேண்டியதைப் பட்டறை உழைத்து வாங்கட்டும். உழைக்க முடியாத பட்டறைக்கு மகள் மெல்பேர்ணில் இரவு ஷிப்ட் செய்து மெஷின் வாங்கிக் கொடுத்தால் அது என்ன பட்டறை?

அப்புறம் ஓவன். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கேக் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனது நினைவிருக்கும். டிசம்பர் நடுப்பகுதியில் பாண் போட்டு முடிந்த பிறகு, விறகுப் போறணையில் மிச்சம் இருக்கிற சூட்டில் ஊரார் தட்டெல்லாம் உள்ளே போகும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு துண்டுக் கடதாசியில் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். கடதாசி கருகினால் யாருடைய கேக் யாருக்கு என்று வாசலில் ஒரு வழக்கே நடக்கும். ரவையும் முந்திரிக் கஜுவும் போட்ட லவ் கேக்கை மேலே மொறுமொறு என்றும் உள்ளே ஈரமாகவும் எடுக்க, போறணை பார்க்கிற அந்தப் பாஸ் ஒருவருக்குத்தான் தெரியும். கையை உள்ளே நீட்டிப் பார்த்தே சூடு சொல்வார். இப்போது அந்தப் போறணை இல்லை. இடித்துவிட்டு மின்சார அடுப்பு வைத்துவிட்டார்கள், வெளியார் தட்டு எடுப்பதில்லை. போன நத்தாருக்கு அம்மா கடையில் கேக் வாங்கினாள். ரவையா மாவா என்று தெரியவில்லை, கஜு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அப்பம்மா ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தைத் தட்டில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அம்மாவுக்கு எவ்வளவு சுட்டிருக்கும் என்று உனக்கு விளங்கும்.

பார், சீவுகிற வேலைக்கு ஆலை இருக்கிறது. கேக்குக்குப் போக இப்போது இடம் இல்லை. எனக்கு முடிவு அங்கேயே கிடைத்துவிட்டது.

அந்தக் கேக்கை நாங்கள் மட்டும் சாப்பிடுவதும் இல்லையே. நோன்புப் பெருநாளுக்கு முன்வீட்டில் இருந்து வட்டிலப்பம் வருகிறது, தீபாவளிக்கு மாடி வீட்டு மாமி முறுக்கு அனுப்புகிறா, சித்திரையில் ஒழுங்கை முனையில் இருந்து கொக்கிசும் கெவுமும் என்று பலகாரம் வருகிறது. அந்தப் பாத்திரங்களைக் கடைக் கேக் வைத்துத் திருப்பிக் கொடுக்க அம்மாவுக்குக் கை வராது. போன வருடம் வெட்கத்தில் தம்பியை அனுப்பினாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் அம்மாவோடு எனக்குச் சண்டை. ஓவன் என்று நான் சொன்னதும் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், உடனே கணக்குக் கொப்பியை எடுத்துவிட்டாள். "நத்தாருக்கு ஓடர் எடுப்பேன், கிலோ இவ்வளவுக்கு விற்பேன், ஒரு வருடத்தில் ஓவன் காசு வந்துவிடும்" என்கிறாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீயும் சொல்லு. நம்முடைய சனத்துக்கு ஒரு பழக்கம், ஆசைப்பட்டதை ஆசைப்பட்டதாகச் சொல்லி வாங்க மாட்டோம். தேவை என்று ஒரு சட்டை மாட்டிவிட்டால்தான் வீட்டுக்குள் விடுவோம். பிறகு அந்தச் சட்டைக்காக உழைத்தே களைத்துப்போவோம். இந்த வீட்டில் பட்டறை ஒன்று போதும். மெஷின் உழைக்கத்தான் வேண்டும், உழைக்காவிட்டால் அதை வாங்கியது வீண். ஓவன் உழைக்க வேண்டாம். வருடத்தில் நாலு கேக்கும், ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மீன் பேக்கும் போட்டுவிட்டு மிச்ச நாள் சும்மா இருக்கட்டும்.

கரண்ட் பில் என்று அம்மா பயந்தாள், அதையும் பார்த்துவிட்டேன். 2000 வோட் ஓவன் இரண்டரை மணித்தியாலம் விடாமல் எரிந்தாலும் 5 யூனிட்தான். சூடு ஏறினதும் தேர்மோஸ்டாட் விட்டு விட்டுத்தான் எரிக்கும் என்றபடியால் அவ்வளவும் போகாது. 13 அம்பியர் பிளக் தாங்கும், ஆனால் எக்ஸ்டென்ஷன் வயரில் போட விடமாட்டேன், சுவரில் தனி வயர் இழுக்கச் சொல்லிவிட்டேன். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் விலை ஏறுகிறது, ஆனால் நாங்கள் பட்டறையாலேயே எப்போதோ தாண்டியாகிவிட்டது. காஸ் ஓவன் வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். 2022இல் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றது அவளுக்கு மறக்கவில்லை. அந்த வருடம் கரண்டும் ஒழுங்காக இருக்கவில்லை என்று நான் ஞாபகப்படுத்தவில்லை.

மருமகன் அங்கே கராஜுக்கு டேபிள் சோ (மேசையில் பொருத்தின வட்ட வாள்) வாங்கப் பார்க்கிறார், நீ சோபா மாற்றப் பார்க்கிறாய் என்று எழுதியிருந்தாய். நான் தச்சன் என்றபடியால் அவர் பக்கம் பேசுவேன் என்று நினைத்துத்தானே அவர் என்னிடம் கேட்கச் சொன்னார்? வாங்கின சனிக்கிழமையே அதில் முதலில் என்ன அறுக்கப் போகிறார் என்று கேள். "புத்தக அலுமாரி, இத்தனை அடி, இந்தப் பலகை" என்று பதில் வந்தால் விட்டுக்கொடு, சோபா இன்னும் ஒரு வருடம் தாங்கும். "இருந்தால் உதவும்" என்றால் சோபாவை வாங்கு. வாங்கினால் இரண்டு விஷயம் சொல்லு: வாளுக்குப் பின்னால் நிற்கிற பிரிதகட்டைக் கழற்றி வைக்கக் கூடாது, அது இல்லாவிட்டால் பலகை வாளைக் கவ்விக்கொண்டு திரும்ப நெஞ்சுக்கு அடிக்கும். கையுறை போட்டுக்கொண்டு அறுக்கக் கூடாது, வாள் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்துத்தான் இழுக்கும்.

நத்தார்க் கேக்குக்குப் பிளம்சும் சுல்தானாவும் வெட்டும் வேலை கல்லறைத் திருநாள் கழிந்த அன்றே தொடங்கிவிட்டது. சீனிப்பாகில் போட்ட பூசணித் தோசியும் இஞ்சித் தோசியும் புறக்கோட்டையில் வாங்கியாயிற்று. எல்லாம் பிராந்தியில் ஊறிக்கொண்டிருக்கிறது. போத்தலின் அளவை அம்மா பேனையால் கோடு போட்டு வைத்திருக்கிறாள், என்னை நம்பாமல்.

இனி அம்மா கேட்கச் சொன்னது. இங்கே பார்த்த ஓவனில் உள்ளே விசிறி இருக்கிறது. விசிறி போட்டால் சூட்டை 20 டிகிரி குறைத்து வைக்க வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். ஆனால் அப்பம்மாவின் கொப்பியில் டிகிரியே இல்லை, "பாண் போட்ட பிறகு" என்றுதான் எழுதியிருக்கிறது. நீ அங்கே விசிறி ஓவனில்தானே ரிச் கேக் போடுகிறாய். எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், கேக் தட்டை ஓவனில் எந்த அடுக்கில் வைக்கிறாய், மேலே கடதாசி மூடுகிறாயா என்று எல்லாம் எழுதி அனுப்பு. வட்ஸ்அப்பில் குரலாக அனுப்பாதே, அம்மா எழுத்தில் கேட்கிறாள், சுவரில் ஒட்டுவதற்கு.

அன்புடன்,
அப்பா